இணைச்சீருக்காக நிறுத்திய மாத்திரை

போன வைகாசியில், அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. கல்யாணம் என் தம்பிக்கு. அவனுக்கு முப்பத்து மூன்று வயது, எனக்கு நாற்பது. வயதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

நான் துடியலூரில் இருக்கிறேன். மேல்நிலைப்பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியை. மகள் பிறந்த மறு வருடம் எனக்கு முடக்குவாதம் வந்தது. வயதானவர்களுக்கு வருகிற மூட்டுத் தேய்மானம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பி நின்று நம் மூட்டுகளைத் தாக்குகிற வகை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மகளுக்குத் தலைவார சீப்பைப் பிடிக்க முடியாமல் அழுத நாட்கள் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஸ்டீராய்டும் ஒன்று. அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் நான் மறுபடி சாக்பீஸைப் பிடித்தேன். குறைத்துப் பார்த்தபோதெல்லாம் வலி திரும்பி வந்ததால், சின்ன அளவில் எட்டு வருடமாக அது ஓடிக்கொண்டிருந்தது.

வலியை வாங்கிக்கொண்ட மாத்திரை வேறு சிலதைக் கொடுத்துவிட்டுப் போனது. முகம் உப்பி வட்டமானது. முன்கையில் தோல் மெலிந்து, கதவில் லேசாக இடித்தாலே நீலமாகக் கன்றிவிடும். முடி பாதியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வருடம் குடிநீர் கேனைத் தூக்கியபோது முதுகில் சுருக்கென்றது. படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. எலும்பின் உறுதியைப் பரிசோதித்துவிட்டு மருத்துவர், "உங்க எலும்புக்கு அறுபத்தஞ்சு வயசு ஆயிருச்சுங்கம்மா" என்றார். இரண்டு மாதம் கழித்துக் கண் மருத்துவரிடம் போனால் அவர் தன் பங்குக்கு, கண்புரை ஆரம்பம் என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நோயைப் பற்றிய பயம் இல்லை, அது பழகிவிட்டது. இது வேறு. எலும்புக்கு அறுபத்தைந்து, கண்ணுக்கு அறுபது, அப்படியானால் இதயத்துக்கு என்ன, மூளைக்கு என்ன என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பேன். ஆசிரியர் அறையில் கிடைத்த நேரமெல்லாம் கைப்பேசியில் தேடிப் படிப்பேன். நாள்பட்ட நோய்கள் உடம்பைச் சீக்கிரம் மூப்படையச் செய்யலாம், சில சிகிச்சைகளும் அப்படிச் செய்யலாம் என்று படித்த அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. மகளுக்கு இருபது வயதாகும்போது எனக்கு எத்தனை வயதாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். காகிதத்தில் வருகிற கணக்கு வேறு, என் உடம்பில் வருகிற கணக்கு வேறு.

இந்த நிலையில்தான் தம்பிக்குப் பெண் அமைந்தது. எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது இப்போது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாலு வருடம் அலைந்த பிறகு அமைந்த இடம். அதனால் என் நோயைப் பற்றிப் பெண் வீட்டாரிடம் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. "அக்காளுக்குக் கொஞ்சம் கைகால் வலி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது உறுத்தியது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

ஜவுளி எடுக்கக் கோயமுத்தூருக்குப் போனோம். கடையில் புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஊழியர், என்னையும் என் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சிங்களாங்க? இதுல பெரியவங்க யாருங்க?" என்று கேட்டார். அம்மாவுக்கு அறுபத்தொன்று. அவர் கேட்டது வியாபாரப் பேச்சுதான், அம்மாவைக் குளிர வைக்கக் கேட்டது. அம்மாவும் குளிர்ந்துபோய் மூன்று நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் என் சித்தி வந்தார். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முதல் நாள், மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ மணப்பெண் மாதிரியே அலங்காரம் செய்துகொண்டு அவன் பக்கத்தில் நிற்க, கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையிலும் மறுமுனை அவள் கையிலுமாகச் சீர் நடக்கும். கல்யாணமானாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று அவன் ஊரறியச் சொல்வதாகப் பெரியவர்கள் அர்த்தம் சொல்வார்கள். சித்தி பேச்சோடு பேச்சாக, "ஒடம்பு முடியாத புள்ளைய எதுக்குங்க்கா சிரமப்படுத்தோணும்? நம்ம சின்னவள நிக்க வெச்சுக்கலாமுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். சின்னவள் என்பது சித்தியின் மகள், இருபத்தாறு வயது, பார்க்க அழகாக இருப்பாள். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமல், "அக்கா நிக்கலைன்னா எனக்குச் சீரே வேண்டாமுங்க" என்றான். அவ்வளவுதான் பேசினான். அதற்கு மேல் பேசுகிற ஆள் இல்லை அவன்.

அவன் அப்படிச் சொன்னது எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் அந்தச் சந்தோஷமே என்னைக் கெடுத்தது. எனக்காக இப்படி நிற்கிறவன் பக்கத்தில், வீங்கிய முகத்தோடு, அவனுக்குத் தாய் மாதிரி நான் நிற்பதா? வீடியோவில் அது காலத்துக்கும் இருக்குமே, பெண் வீட்டுச் சனம் என்ன ஏது என்று விசாரிக்குமே என்றெல்லாம் நினைத்து நினைத்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அது வரைக்கும் ஸ்டீராய்டை மட்டும் நிறுத்திவிடலாம். முகம் வடியட்டும். கல்யாணம் முடிந்த மறுநாள் மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம்.

இதைச் செய்தவள் உயிரியல் ஆசிரியை. அட்ரினல் சுரப்பி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்குகிறவள். வெளியிலிருந்து அந்த மருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மருத்துவரும் முதல் நாளே எச்சரித்திருந்தார். தெரிந்தும், "மூணு வாரம்தானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் என் மாத்திரை விஷயத்தில் கறாரானவர். வாரம் ஒரு தடவை அட்டையை எடுத்துப் பார்ப்பார். அதனால் தினமும் காலையில் ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, பல் தேய்க்கும்போது வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அட்டை ஒழுங்காகக் காலியாகிக்கொண்டு வந்தது. அவரும் ஒழுங்காக ஏமாந்தார்.

முதல் வாரத்தில் மூட்டுகள் வலிக்கத் தொடங்கின. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி மறைத்து வைத்துச் சாப்பிட்டேன். இரண்டாவது வாரம் பசி போய்விட்டது, எதைப் பார்த்தாலும் குமட்டியது. வகுப்பில் நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டும். ஆனால் முகம் வடிந்துகொண்டிருந்தது. உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள், "என்னங்க டீச்சர், எளைச்சுப் பொலிவாயிட்டீங்க" என்று சொன்னார்கள். உடம்பு உள்ளே என்னவோ ஆகிறது என்று பயம் ஒரு பக்கம், கண்ணாடியில் தாடை எலும்பு தெரிகிறதே என்று பூரிப்பு ஒரு பக்கம். ஒரு நாள் பயத்தில் மாத்திரையை வாய் வரைக்கும் கொண்டு போய்விட்டேன். இன்னும் ஆறு நாள்தான் என்று அதையும் தண்ணீரில் போட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு அலங்காரம் செய்யப் பல்லடத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சிறிய சிலுவை. அதிகம் பேசாமல் வேலை செய்தாள். வளையல் போடுவதற்காக என் முழங்கைத் துணியை ஏற்றியவள், கன்றிய நீலத் திட்டுகளைப் பார்த்து அப்படியே நின்றாள். தோலை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க்கா. ஸ்டீராய்டு மாத்திர சாப்படறீங்களாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாங்க, கொஞ்ச நாளா" என்றேன்.

"இன்னைக்குச் சாப்டீங்களாங்க?"

"காலையிலேயே சாப்பிட்டாச்சே."

அவள் கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்தாள். என் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து, தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். சீர் முடியும்வரை எதுவும் சாப்பிடாமல் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம் என்று அதையும் மறுத்தேன். "கை இப்பிடி நடுங்குதுங்களே அக்கா" என்றாள். பதட்டம் என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் இணைச்சீர் தொடங்கியது. மேடையில் வீடியோ விளக்குகளின் வெளிச்சமும் சூடும் தாங்கவில்லை. சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் எங்களை எதிரெதிரே நிறுத்திக் கூறைப்புடவையைப் பிடிக்கச் சொன்னார். தம்பி என்னைப் பார்த்து, "ஜம்முன்னு இருக்கறக்கா" என்றான். அதைக் கேட்கத்தானே இத்தனையும். சிரித்தேன். அந்தச் சிரிப்போடு காது அடைத்தது. முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டம் வெள்ளையாகிப் போனது. புடவை முனை கையிலிருந்து நழுவுவது மட்டும் தெரிந்தது.

கண் விழித்தபோது மணமகள் அறைக்குப் பக்கத்து அறையில் பாயில் கிடந்தேன். சுற்றி ஒரே கூட்டம். வெறும் வயிறு என்றார் ஒருவர். கண்ணு பட்டுப்போச்சு என்றார் இன்னொருவர். அம்மா அழுதுகொண்டே எலுமிச்சைச் சாற்றை வாயில் ஊற்ற, அது அப்படியே வெளியே வந்தது. "கொஞ்ச நேரம் தூங்கட்டும், தூங்கி எந்திரிச்சா செரியாயிரும். எல்லாரும் வெளிய போங்க" என்று சித்தி எல்லோரையும் கிளப்பிக்கொண்டிருந்தார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தூக்கம் ஆளை அமுக்கியது. விட்டால் போதும் என்றிருந்தது.

அப்போது எனக்கு அலங்காரம் செய்த பெண்ணின் குரல் கேட்டது. "தூங்க உடாதீங்க. ஏனுங்ணா, இவங்க மாத்திரைய நிறுத்திப்போட்டாங்கன்னு நெனைக்கறேன். ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க."

வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருங்க நீங்க? அவ ஒரு நாளும் நிறுத்தல. அட்டைய நானே பாக்கறனுங்க" என்றார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எங்க அக்காளும் இப்பிடித்தானுங்க படுத்திருந்தா. நாங்களும் தூங்கட்டும்னு..." என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் மணப்பெண்ணின் அப்பாவும் அத்தையும் நின்றிருந்தார்கள். சொன்னால் இத்தனை நாள் மூடி வைத்தது எல்லாம் அவர்கள் முன்னால் உடையும். கல்யாணம் நிற்குமோ என்றுகூட அந்த நிலையிலும் மனது கணக்குப் போட்டது. சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டால் ஒருவேளை சரியாகிவிடும். ஒருவேளை விழிக்கவே மாட்டேன். எனக்குச் சாக விருப்பம் இல்லை. கிழவியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போய் மகள் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"மூணு வாரமா சாப்பிடலைங்க" என்றேன். குரல் வரவில்லை. வீட்டுக்காரர் குனிந்து காதை வைத்தார். இன்னொரு தடவை சொன்னேன். அவர் முகம் போன போக்கை என்னால் இன்று வரை மறக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காரில் பின் இருக்கையில் அந்தப் பெண்ணின் மடியில்தான் என் தலை இருந்தது. அவள் செய்து முடித்த அலங்காரத்தை அவளே கலைத்துக்கொண்டு வந்தாள். ஜடையைப் பிரித்தாள், இறுக்கிக் கட்டிய புடவையைத் தளர்த்தினாள். "அக்கா, உங்க பாப்பா பேரு சொல்லுங்க, என்ன கிளாஸு படிக்குது சொல்லுங்க" என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு என்னைத் தூங்க விடவில்லை. வழியிலேயே என் வீட்டுக்காரரிடமும் விவரம் கேட்டு வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அவள்தான் சொன்னாள்: எட்டு வருடமாகச் சாப்பிட்ட ஸ்டீராய்டு, மூன்று வாரமாக நிறுத்தம். மருத்துவர் இரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிட்டார். ஊசியும் குளுக்கோஸும் உடனே ஏறின. ஒன்றிரண்டு மணி நேரத்தில் எனக்குப் பசித்தது. அத்தனை நாள் கழித்து வந்த பசி. திரும்பிப் பார்த்தேன், அந்தப் பெண் இல்லை. விடியற்காலை மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வேண்டுமே என்று மண்டபத்துக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

காலையில் மருத்துவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வயசாகுதுன்னு பயந்து நிறுத்துனீங்களாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் பொய்யாகத் தைரியம் சொல்லவில்லை. என் பயம் முட்டாள்தனம் இல்லை என்றார். இந்த மருந்து எலும்பையும் கண்ணையும் தோலையும் முதுமையாக்குவது உண்மை. ஆனால் அடக்காமல் விட்ட நோயும் அதே வேலையைத்தான் செய்யும், உள்ளே புகைந்துகொண்டே இருந்து இரத்தக் குழாய் முதல் எலும்பு வரை தின்னும் என்றார். "அளவைக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சுப் பார்க்கலாம், வேற மருந்து இருக்கு, எலும்புக்குத் தனியா மருந்து இருக்கு. தண்ணில போடறதுக்கு முந்தி எங்கள்ல யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமுல்லீங்க?" என்றார். வகுப்பில் விடை தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்கு நான் இல்லாமலே தாலி கட்டு முடிந்தது. எந்த வீடியோவில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று இத்தனை கூத்தடித்தேனோ, அதில் முகூர்த்த நேரத்தில் நான் இல்லவே இல்லை. பத்து மணிவாக்கில் மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் வார்டுக்கு வந்து நின்றார்கள். தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உன்னைய அழகா வந்து நில்லுன்னா சொன்னேன்? வந்து நில்லுன்னுதானக்கா சொன்னேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் அழுதான், நான் அழுதேன். புதுப்பெண், எங்கள் ஊர்ப்பக்கம் நாத்தனாரைக் கூப்பிடுகிற மாதிரி, "நங்கை, அழுகாதீங்க, ஊசி இருக்கற கை ஆடுது" என்று என் கையை நகர்த்தி வைத்தாள்.

எல்லாம் அதோடு சுபமாக முடிந்துவிடவில்லை. மணப்பெண்ணின் அப்பா, மறைத்துவிட்டோம் என்ற கோபத்தில் ஆடி மாதம் வரை எங்களோடு சரியாகப் பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்காரர் அதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டார். இப்போதும் அட்டையைப் பார்க்கிறார், ஆனால் முன்பு மாதிரி நம்பிக்கையோடு பார்ப்பதில்லை. அது என் சம்பாத்தியம்.

பல்லடத்துப் பெண்ணைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். அவள் அக்காளைப் பற்றி அன்றுதான் முழுதாகச் சொன்னாள். சிறுநீரக நோய்க்காக அதே மாத்திரை சாப்பிட்டவள், கல்யாணத்துக்கு முகம் குறைய வேண்டும் என்று தானாக நிறுத்தியிருக்கிறாள், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தூங்கப் போனவள் எழுந்திருக்கவே இல்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பாளோ என்னமோங்க. நாங்க கேக்கலைங்க. அதான் உங்ககிட்டக் கேட்டேன். பொய் சொல்றீங்கன்னு தெரிஞ்சும் மேல கேக்காம உட்டுட்டனேன்னு, நீங்க உளுந்தப்ப எனக்கு உசுரே போயிருச்சுங்க" என்றாள். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன், என் வேலை முடிந்ததும் அவள் மணப்பெண் அறைக்குப் போயிருக்க வேண்டியவள். போகாமல் மேடையின் ஓரத்திலேயே நின்றிருக்கிறாள்.

இப்போது மருந்தின் அளவு பாதியாகியிருக்கிறது. எலும்புக்கு ஊசி போடுகிறார்கள். கண்புரை அப்படியே இருக்கிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது அடுத்த பொய். ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் உடனே பிரிக்காமல் கொஞ்ச நேரம் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். நோயும் மருந்தும் சேர்ந்து என்னை வேகமாகக் கிழவியாக்கலாம், ஆனால் அந்த மண்டபத்துப் பாயில் இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் எனக்குக் கிழவியாகிற வாய்ப்பே இருந்திருக்காது.